அம்மாவின் வயலின் வாய் பிளந்து கிடக்கிறது, சூப்பர் குளூ போடலாமா?

ஆரையூர்க்காரி:

வயலின் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள், ஒரு கிழமையாக இதே யோசனையாக இருக்கிறது.

அம்மா கலியாணத்துக்கு முன் வாசித்த வயலின் ஒன்று எங்கள் ஆரையம்பதி வீட்டில் இருக்கிறது. அவவின் மாமா கொழும்பில் வேலை செய்த காலத்தில் யாரிடமோ வாங்கிக் கொடுத்ததாம். எனக்கு விபரம் தெரிந்த நாளில் இருந்து அது அலுமாரிக்கு மேலே கறுப்புப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது, அம்மா அதைத் தொட்டு நான் கண்டதில்லை. இப்போது என் மகள் வயலின் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், வயது 9, அம்மம்மாவின் வயலின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சரி என்று போன சனிக்கிழமை இறக்கித் தூசு தட்டித் திறந்தோம்.

திறந்தவுடன் பூஞ்சண மணம் மூக்கில் அடித்தது. மேற்பலகை வலது பக்கம் கீழ் ஓரத்தில் பக்கச் சுவரை விட்டுக் கழன்று ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது, கலியாண அழைப்பிதழ் மட்டையை உள்ளே விடலாம். அதே பக்கம் எஃப் வடிவ ஓட்டையின் கீழ் நுனியில் இருந்து ஒரு வெடிப்பு, மூன்று விரல் நீளம் வரும். தந்திகளைத் தாங்குகிற குதிரை விழுந்து பெட்டி மூலையில் கிடக்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ குச்சி உருளுகிற சத்தம். தந்தி முறுக்குகிற நாலு பிரடையில் இரண்டு அசையவே இல்லை. வில்லைப் பார்த்துத்தான் பயந்துவிட்டேன், முடி பாதி அறுந்து தொங்குகிறது, யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி. பெட்டியோ பூட்டியபடிதான் இருந்தது.

உள்ளே ஒட்டியிருக்கும் கடதாசியில் அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் என்று அச்சடித்திருக்கிறது, கீழே 17 என்று போட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். என் கணவரின் தம்பி இதை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு கோடிக்கணக்கில் போகும் என்கிறார், இரண்டு நாளாக அவருக்கு நித்திரை இல்லை.

நகரத்தில் ஒரு தளபாடக் கடையில் காட்டினேன். சூப்பர் குளூ போட்டு இறுக்கி, மேலே புதிதாகப் பொலிஷ் அடித்து இரண்டு நாளில் தருகிறோம், 3500 ரூபா என்றார்கள். மலிவுதான், ஆனாலும் ஏனோ மனம் ஒப்பவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டால் "அதை அப்படியே வை, நோண்டாதே" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

கொடுக்கலாமா? இல்லாவிட்டால் யாரிடம் கொண்டுபோவது?

ஓடாவிமகன்:

தங்கச்சி, திருப்பிக் கொண்டுவந்தது நல்ல வேலை. சூப்பர் குளூ ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

என் அப்பா ஓடாவி. கதவு, நிலை, கட்டில் செய்கிறவர், ஆனால் பஜனைக் குழுவின் ஆர்மோனியம் தொடக்கம் பிள்ளைகளின் வயலின் வரைக்கும் எது உடைந்தாலும் எங்கள் திண்ணைக்குத்தான் வரும். அவரிடம் பார்த்துப் பழகி நானும் முப்பது வருசமாக இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். வாசிக்கத் தெரியாது, ஒட்டத் தெரியும்.

முதலில் அந்தப் பிளந்த ஓரத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுவார்கள், உண்மையில் பதற வேண்டிய இடம் அது இல்லை. வயலினின் பலகைகளைச் சுவரோடு ஒட்டுவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசையால். பழைய தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சின்னப் பாத்திரத்தை வைத்து 60 பாகை அளவில் சூடாக்க வேண்டும், கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். காய்ந்தால் இரும்புப் பிடி. ஆனால் வெந்நீரும் மெல்லிய தகட்டுக் கத்தியும் இருந்தால் நூறு வருசம் கழித்தும் அதைத் திறக்கலாம், திரும்ப ஒட்டலாம், பழைய பசைக்கு மேலேயே புதுப் பசை பிடிக்கும். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மேற்பலகையை ஒட்டும்போது செய்கிறவன் வேண்டுமென்றே பசையைத் தண்ணியாகக் கலந்துதான் ஒட்டுவான். எங்கள் ஊர் நிலைமையை யோசித்துப் பாருங்கள், ஆனி ஆடியில் கச்சான் காற்று அனல் மாதிரி அடிக்கும்போது மரம் வற்றிச் சுருங்குகிறது, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அதே மரம் ஈரம் குடித்து ஊதுகிறது. மேற்பலகையின் கனம் 3 மில்லிமீற்றர்கூட வராது. இழுபறியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், ஒட்டு விட்டுக்கொடுக்காவிட்டால் பலகை வெடிக்கும். உங்கள் வயலினில் ஓரம் பிளந்தது பலகை தப்பிக்கொண்ட இடம். அதை மூடுவது தெரிந்தவனுக்கு ஒரு பின்னேர வேலை, இறுக்கி வைத்து ஒரு இரவு காயவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் சூப்பர் குளூ போட்டால் என்ன நடக்கும்? அது தண்ணீர் போல ஓடி மர நாருக்குள் இறங்கிவிடும். பிறகு வெந்நீருக்கு மசியாது, அசிற்றோன் வேண்டும், அசிற்றோன் பட்டால் வயலினின் வார்னிஷ் கரைந்து வழியும். அடுத்த முறை கச்சானுக்கு மரம் சுருங்கும்போது ஒட்டு விடாது, பக்கத்துப் பலகைதான் கிழியும். மரத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசையும் வேண்டாம், அது தந்தியின் இழுவையில் மெல்ல மெல்ல வழுகும், அது ஊறிய இடத்தில் வச்சிரமும் பிறகு பிடிக்காது. பொலிஷ் அடிக்கிறோம் என்று சொன்னார்களே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். தளபாடத்துக்கு அடிக்கிற பொலிஷில் ஸ்பிரிட் இருக்கும், பழைய வார்னிஷை அது தின்றுவிடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடையுங்கள், வெடிப்புக்குக் கிட்டப் போகாதீர்கள்.

வெடிப்புத்தான் உண்மையான பிரச்சினை. அதற்கு மேற்பலகையைக் கழற்றி, வெடிப்பைச் சுத்தம் செய்து ஒட்டி, உள்பக்கம் குறுக்கே சின்னச் சின்ன மரத் துண்டுகள் வைத்துத் தைக்கிற மாதிரி ஒட்ட வேண்டி வரலாம். எவ்வளவு மோசம் என்று தெரிய இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். போன் ரோச் வெளிச்சத்தில் வெடிப்பின் விளிம்பைப் பாருங்கள், உள் மரம் வெள்ளையாக இருக்கிறதா, அழுக்கேறிக் கறுத்திருக்கிறதா, இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று. அப்புறம் வயலினின் ஓரத்தைச் சுற்றி விரல் மொழியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் சொத்தையாகக் கேட்கும். முதுகுப் பலகையில் வெடிப்பு ஏதும் உண்டா என்பதைக் கட்டாயம் பாருங்கள், முக்கியமாக உள்ளே குச்சி நின்ற இடத்துக்கு நேரே. அங்கே வெடித்திருந்தால் பலகைக்கு உள்ளே ஒட்டுப்போட வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். கடைசியாக ஒரு நீட்டு அடிமட்டத்தை விரற்பலகையின் மேல் படுக்கவைத்து, குதிரை நிற்கிற இடம் வரை நீட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் அடிமட்டத்துக்கும் மேற்பலகைக்கும் இடையில் 27 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் கழுத்து இறங்கவில்லை என்று அர்த்தம்.

சிலும்பு ஏதும் உதிர்ந்தால் ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள், பல்லுக்குச்சி அளவு என்றாலும் எறிய வேண்டாம். பிளந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது வார்னிஷும் சேர்ந்து வரும்.

கச்சான்கொட்டை:

கோடி விலை கேட்ட தம்பிக்கு: ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார், ஆனால் அவருடைய பெயர்ச் சீட்டு நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகும் ஜேர்மனியின் மார்க்னொய்கிர்சென் பக்கத்திலும் பிரான்சின் மிரேக்கூரிலும் கட்டுக்கட்டாக அச்சடிக்கப்பட்டுத் தொழிற்சாலை வயலின்களுக்குள் ஒட்டப்பட்டது. 17க்குப் பிறகு வெறுமையாக விட்டிருப்பதே அதற்குத்தான். ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, இந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதுதான் அதன் கருத்து. நித்திரை கொள்ளச் சொல்லுங்கள்.

வயலினுக்குக் குதிரையும் வேண்டும், வில்லுக்குக் குதிரை முடியும் வேண்டும் என்றால் காட்டுக் குதிரைகள் திரிகிற நெடுந்தீவுக்குப் போவதுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். யாழை ஆராய்ந்து ஆராய்ந்தே வாழ்நாளைக் கொடுத்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இருக்கிற கிழக்கு மண்ணில் இருந்துகொண்டு ஒரு வயலின் ஒட்ட ஆள் தேடுகிறோம், அதுவும் ஒரு கொடுமை.

மந்திரபஞ்சமம்:

நெடுந்தீவுக் குதிரைகளை விட்டுவிடுங்கள் தம்பி, அதுகள் பாவம்.

வில் முடியைப் பற்றி: அது வெட்டியதில்லை, புழு தின்றது. இருட்டில் பூட்டிக் கிடக்கிற பெட்டியில் ஒரு சின்னப் பூச்சியின் புழு வளரும், அதற்குக் குதிரை முடி என்றால் விருந்து. பெட்டியைத் திறந்து உள்விரிப்பைத் தூரிகையால் நன்றாகத் தட்டி, பெட்டியை மட்டும் வெயிலில் ஒரு நாள் காயவையுங்கள். வயலினை வெயிலில் வைக்கக் கூடாது, இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் வைத்துவிடுவார். வில்லுக்குப் புது முடி கட்டலாம், ஒரு வில்லுக்கு 150 முதல் 200 முடி வரை போகும், தட்டையாகப் பரப்பிக் கட்டுவது தனிக் கலை. ஆனால் உங்களுடையது சாதாரண மரவில் என்றால் புதுவில் வாங்குவது மலிவாக முடியும்.

நான் மட்டக்களப்பில் இருபது வருசமாக வயலின் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் வயலின்களில் பாதிக்கு மேல் உடைந்தது கீழே விழுந்து இல்லை, உள்ளே குச்சி விழுந்த பிறகும் தந்தியை முறுக்கினதால்தான். உங்களுக்கு உருளுகிற சத்தம் கேட்கிறதே, அதுதான் சவுண்ட் போஸ்ட். கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் தடிப்பான ஊசியிலை மரக் குச்சி, குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால் மேற்பலகைக்கும் முதுகுக்கும் நடுவில் நெருக்கமாக நிற்கும், பசை கிடையாது, தந்தி அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிலைக்கும். பிரெஞ்சுக்காரர் அதை வயலினின் ஆன்மா என்று சொல்வார்கள், படிப்பிக்கிற எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை, அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலே மேல் பஞ்சமத் தந்தியின் குரல் மாறிவிடும். நாலு தந்தியும் முறுக்கி நிற்கும்போது மொத்த இழுவை 20 கிலோவைத் தாண்டும். உள்ளே குச்சி இல்லாமல் அதில் குதிரை வழியாகக் கீழே இறங்குகிற பங்கை அந்த மெல்லிய பலகை மட்டும் தாங்கினால் பலகை குழிவிழும், சில நேரம் வெடிக்கும். அதனால் ஆசைக்காகக்கூடத் தந்தியை முறுக்கிப் பார்க்காதீர்கள். நாங்கள் ஸ்ருதியைக் குறைத்துத்தானே வைக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள், குறைந்தது குறைந்ததுதான், ஆனால் வெடிப்புள்ள பலகைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இன்னொன்று. எங்கள் வயலின்களில் மட்டும் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு எண்ணெய். கமகம் வழுகட்டும் என்று விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு வாசிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, என் குருவுக்கும் இருந்தது, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது விரற்பலகையில் இருந்து இறங்கி மேற்பலகை ஓரத்தில் ஊறிவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. உங்கள் அம்மா எண்ணெய் தொட்டு வாசித்தவவா என்று கேட்டுப் பாருங்கள், திருத்துகிறவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

இறுகிய பிரடைக்கு எண்ணெய், குறடு, சுத்தியல் எதுவும் வேண்டாம். மாரியில் இறுகும், கச்சானில் வழுகும், இங்கே எல்லா வயலினும் அப்படித்தான். ஈரமில்லாத அறையில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தானாகவே விடும். பிறகு காய்ந்த சவர்க்காரமும் சோக்கும் கொஞ்சம் பூசினால் போதும்.

மகளுக்கு: 9 வயதுக்கு இந்த வயலின் எப்படியும் பெரிது. அவளுக்கு அரை அளவோ முக்கால் அளவோ வேண்டும். இடது கையை நீட்டச் சொல்லி, வயலினைத் தோளில் வைத்து, சுருள் தலை உள்ளங்கைக்குள் சுகமாக வருகிறதா என்று பார்த்து எடுங்கள். அம்மம்மாவின் வயலினுக்கு அவள் வளர இன்னும் மூன்று நாலு வருசம் இருக்கிறது, ஆகவே திருத்துகிற வேலைக்கு அவசரமே இல்லை. சங்கீத சபைப் பரீட்சை வருகிறது என்று ஓடிவந்து, அவசரத்துக்கு ஒட்டித் தாருங்கள் என்று கேட்டுக் கெடுத்த வயலின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளிடமும் விசாரியுங்கள், குச்சி நிறுத்துவதற்கு யாரிடம் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முகத்துவாரம்:

நான் இப்போது ரொறன்ரோவில், ஊர் மட்டக்களப்புக் கடலோரத்து டச் பார். ஓடாவிமகன் அண்ணா வச்சிரம் என்று எழுதியதைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பறங்கி அங்கிள் இருந்தார். மட்டக்களப்புப் பறங்கியரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழில்காரர், கலியாண வீடென்றால் வயலினும் மண்டலினும் தூக்கிக்கொண்டு கபிரிஞ்ஞா ஆட வந்துவிடுவார்கள். அங்கிளுக்குப் பகலில் தச்சு வேலை, சனி ஞாயிறில் வயலின். தாடைக்குக் கீழே வைக்க மாட்டார், நெஞ்சில் ஊன்றிக்கொண்டு வாசிப்பார்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அங்கிள் காலையிலேயே நகரத்தில் கோயில் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார். டச் பாரில் அன்று போன சனத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் வீட்டடியைப் பார்க்கப் போனபோது, வேலியோரம் சேற்றுக்குள் வயலினின் கழுத்தைக் கண்டார், கொஞ்சம் தள்ளி முதுகுப் பலகை, மேற்பலகையை அடுத்த வளவில் ஒரு பெடியன் கண்டெடுத்தான். பார்த்த எல்லாரும் முடிந்தது என்று சொன்னார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடையவில்லை, கழன்றுதான் இருக்கிறது என்றார். தண்ணீரில் பசை கரைந்து ஒவ்வொரு பலகையையும் விட்டுவிட்டது, அதனால் பலகை கிழியவில்லை. அன்று அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை, பிறகுதான் விளங்கியது.

கடல் தண்ணீர் பட்டதால் உப்பை எடுக்க வேண்டும், உப்பு உள்ளே இருந்தால் மரம் எந்த நாளும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிணறெல்லாம் உப்பாகிப் போயிருந்த நேரம், குடிக்கிறதுக்கே பவுசர் தண்ணீர்தான். முகாமில் தனக்குக் கிடைத்த தண்ணீரில் ஒரு பங்கை எடுத்து அந்தப் பலகைகளைக் கழுவினார், பக்கத்தில் இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். பிறகு பழைய பத்திரிகைக் கடதாசிக்கு நடுவில் பலகைகளை வைத்து, மேலே மட்டமான கல் அடுக்கி, நிழலில். ஒவ்வொரு நாளும் கடதாசி மாற்றுவார், அந்த வேலை என்னுடையது, எனக்கு அப்போது 14 வயது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று ஒருநாள் நான் தூக்கி வெளியில் வைத்துவிட்டேன், ஒரு பக்கச் சுவர் முறுகிக்கொண்டது, அது கடைசி வரை நேராகவே இல்லை. அந்த இடத்தில் உள்ளூர் மரத்தில் ஒரு துண்டு வளைத்துச் சேர்த்தார். வயலின் பிறகு கொஞ்சம் தொண்டை கட்டின குரலில்தான் பாடியது, ஆனால் பாடியது. கலியாண வீடுகளில் நானே கேட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான் ரொறன்ரோவுக்கு வந்து என் கிற்றாரின் குதிரை கழன்றபோது என்ன செய்தேன்? சூப்பர் குளூ. மூன்று மாதத்தில் குதிரை திரும்பக் கழன்றது, இந்த முறை மேற்பலகையின் தோலையும் உரித்துக்கொண்டு. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் திருத்துகிற பெண்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு மாதிரிப் பார்த்தா, அவ்வளவுதான். ஒட்டு விட்டதற்கு ஒரு கூலி, நான் ஒட்டியதை எடுப்பதற்கு அதைப்போல இரண்டு மடங்கு கூலி.

ஆரையூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி, அங்கிளின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

ஓடாவிமகன் அண்ணா சொன்னபடி பார்த்தேன். அடிமட்டம் வைத்தால் 26 வருகிறது, அதாவது என் கண்ணுக்கு 26. முதுகுப் பலகையில் வெடிப்பு ஏதும் இல்லை, உள்ளேயும் போனை எஃப் ஓட்டைக்குக் கிட்டப் பிடித்துப் படமெடுத்துப் பார்த்தேன், பழைய தூசுப் பந்துகள்தான் தெரிகின்றன. தட்டிப் பார்த்ததில் பிளந்த இடத்தைத் தவிர, அடியில் தந்திகளை இழுத்துக் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலும் சொத்தைச் சத்தம் கேட்கிறது.

வெடிப்பின் விளிம்பு கறுப்பாக இருக்கிறது. இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இல்லை, ஓரப் பக்க விளிம்பு நகத்தால் தடவினால் தெரிகிற அளவு தாழ்ந்திருக்கிறது. அம்மா எண்ணெய் தொட்டு வாசிக்கவில்லையாம், அவவின் ரீச்சர் பவுடர்தான் பூச விடுவாராம்.

பெட்டியைக் காயவைத்துவிட்டேன். இரண்டு பிரடையில் ஒன்று தானாகவே விட்டுவிட்டது! மகளுக்கு முக்கால் அளவு வயலின் ஒன்று பாவித்ததாகக் கிடைத்திருக்கிறது. அம்மம்மாவின் வயலின் உனக்கு 12 வயதில் என்று சொல்லி ஒருவாறு சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

தூசை எப்படி எடுப்பது?

ஓடாவிமகன்:

தூசுக்கு ஒரு பிடி காய்ந்த பச்சையரிசி எடுத்து எஃப் ஓட்டையால் உள்ளே போட்டு, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டி வெளியே கொட்டுவார்கள், தூசு அரிசியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்பா இதற்கென்று பச்சைப்பெருமாள் அரிசி வைத்திருப்பார், பிறகு கோழிக்குப் போடுவார். ஆனால் உங்கள் வயலினுக்கு இப்போது செய்யாதீர்கள், வாய் பிளந்திருக்கிற இடத்தில் அரிசி போய்ச் சிக்கினால் இன்னும் பிளக்கும். பலகையைக் கழற்றும்போது தானாகவே துடைத்துக்கொள்ளலாம்.

26 பரவாயில்லை, கழுத்து நிற்கிறது. அடிப்பக்கச் சொத்தைச் சத்தமும் ஓர ஒட்டுத்தான், அதுவும் சின்ன வேலை.

கறுப்பு விளிம்பு என்றால் வெடிப்பு பழையது. எனக்கு யோசனை மற்ற விசயத்தில்தான். காலநிலையால் வருகிற வெடிப்பில் பலகை விலகும், பொதுவாக இரண்டு விளிம்பும் மட்டமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றால் மேலே இருந்து ஏதோ பாரம் ஏறியிருக்கிறது. பெட்டிக்கு மேலே எதையாவது அடுக்கி வைத்திருந்தீர்களா? இல்லை, பெட்டி விழுந்ததா?

ஆரையூர்க்காரி:

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று இரவு அம்மாவிடம் அண்ணா கேட்டதை அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெட்டி விழவில்லை மகள், நீதான் ஏறி நின்றாய்" என்றா. எனக்கு அப்போது மூன்று வயதாம். அவ வாசித்துவிட்டுப் பாயில் வைத்துவிட்டு அடுப்பில் கறியைப் பார்க்கப் போயிருக்கிறா, நான் அலுமாரியில் இருந்த பிஸ்கட் ரின்னை எட்டுவதற்கு வயலினைப் படியாக்கியிருக்கிறேன். எனக்கு அடி விழவில்லையாம். அம்மா அன்றைக்கு அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுதான், முப்பது வருசமாக யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. நோண்டாதே என்று சொன்னது இதற்குத்தான்.

பிஸ்கட் ரின் இன்னும் வீட்டில் இருக்கிறது, நூல், ஊசி போட்டு வைத்திருக்கிறோம்.

கச்சான்கொட்டை:

ஸ்ட்ராடிவாரியில் ஏறி நின்று பிஸ்கட் எடுத்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள் அக்கா.

ஓடாவிமகன்:

சொன்னது நல்லதாகப் போயிற்று தங்கச்சி. கால் வைத்த பாரம் என்றால் மேற்பலகைக்கு உள்ளே இடது பக்கம் நீளமாக ஒரு சட்டம் ஒட்டியிருக்கும், பேஸ் பார் என்பது, அதன் ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வெளியில் இருந்து தெரியாது. எப்படியும் பலகையைத் திறக்கத்தான் வேண்டும்.

அடைமழை முடிந்து தை பிறக்கட்டும், மரத்தின் ஈரம் இறங்கிய பிறகு திறப்பதுதான் நல்லது. அதுவரை தந்திகளைத் தளர்த்தியபடி, அலுமாரிக்கு மேலே கூரைச் சூட்டில் வைக்காமல், நடு அறையில் வையுங்கள். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வரும்போது உறையில் போட்டு வைத்த சிலும்பு, விழுந்த குதிரை, உள்ளே உருளுகிற குச்சி எல்லாம் வேண்டும். அம்மாவையும் கூட்டிவாருங்கள். ஒட்டி முடிந்ததும் யாராவது வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று முதலே எழுதியிருக்கிறேன்.